சுவாசப்பை நோயும் சிறுநீரிற் புரதமும்

ஆண்டுக்கணக்காக இருமலினால் வருந்தும் முதியவர் ஒருவர் வைத்தியசாலைக்குச் செல்கின்றார். வைத்தியர் அவருடைய மார்பைத் தட்டிப் பார்க்கின்றார். குழாய் வைத்துக் கேட்கின்றார். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கச் சொல்கின்றார். இவையெல்லாம் முதியவருக்கு விளங்கக்கூடியனவே. ஆனால், இறுதியில் ஒரு சிறு போத்தலைக் கொடுத்து, "ஐயா, இதிலே கொஞ்சம் சலம் எடுத்துத் தாருங்கள்" என்று தாதி கேட்கும்பொழுது அவர் திகைக்கின்றார். "பிள்ளை, எனக்கு வருத்தம் நெஞ்சிலே, சலத்திலே என்ன பார்க்கப் போகிறீர்கள்?" என்று வினவுகின்றார்.

முதியவரின் வினா நகைத்துத் தள்ளத்தக்கதன்று. நெஞ்சு மேலே இருக்கின்றது. சிறுநீரகங்கள் முதுகின் கீழ்ப்புறத்தே விலாவை அடுத்து இருக்கின்றன. ஒன்று காற்றோடு உறவுடையது. மற்றொன்று நீரோடு உறவுடையது. இவ்விரண்டிற்கும் தொடர்பு யாது? நெடுங்காலம் நிலைத்த சுவாசப்பை நோய்க்கும் சிறுநீரில் வெளிப்படும் புரதத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்தால் அவ்வினாவுக்கு விடை கிடைக்கும். அவ்விடையை அறியாமையால் காலம் தாழ்த்துச் சிறுநீரகங்களை இழந்தவர் பலர்.

நீரைக் கொண்டு நோயை அறிதல் தமிழருக்குப் புதியதன்று. சித்த வைத்தியர் கைக்கொண்ட எண்வகைத் தேர்வுகளுள் மூத்திரமும் ஒன்றாகும். நீர்க்குறி என வழங்கும் அத்தேர்விலே நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தையும் நோக்கினர். இவற்றுள் நுரை என்பது இங்குக் கருதத்தக்கது. கிரேக்க தேசத்து ஹிப்போக்கிறட்டீஸ் என்பாரின் பெயரால் வழங்கும் நூலிலும், சிறுநீரின்மேல் குமிழிகள் நின்றால் அது சிறுநீரக நோயைக் காட்டும் என்னும் கருத்துக் காணப்படுகின்றது. முட்டையின் வெண்கருவை நீரிலிட்டுக் கலக்கினால் நுரை எழுந்து நெடுநேரம் நிற்பதைச் சமையலறையில் எவரும் காணலாம். வெண்கருவிலுள்ள புரதமே அந்நுரையை நிலைநிறுத்துகின்றது. சிறுநீரில் புரதம் மிகுந்தபொழுதும் அவ்வாறே நிகழ்கின்றது. ஆயினும் நுரைக்குக் காரணம் புரதமே என்பதை முற்காலத்தவர் அறிந்திலர்.

அதனை அறிதற்குத் தீயும் ஒரு கரண்டியும் போதுமானவையாயின. இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் கொற்றூனோ என்பவர், உடல் வீங்கிய ஒரு போர்வீரனின் சிறுநீரைச் சூடாக்கியபொழுது அது முட்டை வெண்கருவைப் போல உறைவதைக் கண்டு 1764 ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் இலண்டன் மாநகரில் கைஸ் வைத்தியசாலையிலே பணிபுரிந்த றிச்சர்ட் பிறைற் என்பவர், நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரிலே காட்டிச் சோதித்தார். உடல் வீக்கம், உறையும் சிறுநீர், இறந்தபின் அறுத்துப் பார்க்கையிற் சிதைந்து காணப்பட்ட சிறுநீரகங்கள் ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்பதை அவர் 1827 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே நிறுவினார். அன்று தொட்டுச் சிறுநீரிற் புரதம் என்பது சிறுநீரகத்தின் முறைப்பாடாகக் கொள்ளப்படலாயிற்று.

இனி, புரதம் ஏன் சிறுநீரில் வரலாகாது என்பதை நோக்குவோர் சிறுநீரகத்தின் தொழிலை அறிதல் வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டியும் மயிரினும் மெல்லிய குருதிக் குழாய்கள் சுருண்டு அமைந்த ஒரு சிறு பந்தாகும். இருதயம் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இச்சிறுநீரகங்களுக்கே செல்கின்றது. ஒரு நாளில் அவை வடித்தெடுக்கும் நீர் ஏறக்குறைய 180 லீற்றர். அதில் ஒன்று அல்லது இரண்டு லீற்றர் மட்டுமே சிறுநீராய்க் கழிகின்றது. எஞ்சியது திரும்பவும் குருதியைச் சேர்கின்றது.

குருதியின் திரவப் பகுதியிலே பல புரதங்கள் உள. அவற்றுட் பாதிக்கும் மேலானது அல்புமின் எனப்படும். ஈரல் அதனை ஆக்குகின்றது. குருதிக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் தலையாய தொழில். அது குறைந்தால் நீர் குழாய்களை விட்டுக் கசிந்து, கணுக்காலிலும் கண்ணிமையிலும் வயிற்றிலும் தேங்கி வீக்கத்தை உண்டாக்கும். இத்தகைய அரிய பொருளை உடல் வீணாக்க விரும்புவதில்லை. ஆதலின், நலமுள்ள வடிகட்டி நீரையும் உப்பையும் கழிவுகளையும் போகவிட்டு, அல்புமினைத் தடுத்து நிறுத்துகின்றது. ஒரு நாட் சிறுநீரில் 30 மில்லிகிராமுக்கு உட்பட்ட அல்புமின் வெளியேறுவது இயல்பு. அதற்கு மிஞ்சினால் வடிகட்டியிலே பழுது நேர்ந்திருக்கக்கூடும். 300 மில்லிகிராமைக் கடந்தால் பழுது பெரிது. பாற்கஞ்சி வடிக்கும் துணியிலே சோறு கீழே விழுமாயின், குற்றம் சோற்றிலன்று, துணியிலே என்பது தெளிவு. பருப்பும் முட்டையும் மிகுதியாக உண்டதனால் புரதம் சிறுநீரில் வருகின்றது என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

சுவாசப்பையும் இத்தகைய மெல்லிய அமைப்பையே உடையது. அதனுள்ளே ஏறக்குறைய 30 கோடிக் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களிலும் மயிர்த்துளைக் குழாய்களே பின்னிக் கிடக்கின்றன. அங்கே காற்றும் குருதியும், இங்கே நீரும் குருதியும், இடையே ஒரு மெல்லிய சவ்வு மட்டும் நிற்க, ஒன்றையொன்று அடுத்திருக்கின்றன. உடலிலுள்ள குருதி முழுவதும் சுவாசப்பையைக் கடந்தே ஏனைய உறுப்புகளுக்குச் செல்கின்றது. ஆகவே, சுவாசப்பையிலே ஒட்சிசன் குறைந்தாலும், அழற்சி மூண்டாலும், புகையின் நஞ்சு கலந்தாலும், அவற்றின் விளைவு குருதியோடு பயணஞ் செய்து சிறுநீரகத்தை அடைகின்றது. தூரத்தால் வேறுபட்ட இவ்வுறுப்புகள் குருதியோட்டத்தால் அயலவராகின்றன.

நாட்பட்ட சுவாசப்பை நோய் சிறுநீரில் புரதத்தைக் கொணரும் வழிகளுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது, பழமையானது. காசநோய் நெடுங்காலம் ஆறாதிருந்தாலும், சுவாசக் குழாய்கள் விரிந்து சீழ் தேங்கும் நோய் ஆண்டுக்கணக்கில் நீடித்தாலும், உடலினுள் அழற்சி ஓயாது எரிந்துகொண்டிருக்கும். அந்நிலையில் ஈரல் ஒருவகைப் புரதத்தை அளவிறந்து ஆக்குகின்றது. கடும் அழற்சியிலே அதன் அளவு ஆயிரம் மடங்கு வரை உயர்வதுண்டு. சில நாட்களில் தணிந்தால் தீங்கில்லை. ஆண்டுகள் பலவாக உயர்ந்தே நிற்குமாயின், சிலரிடத்தில் அப்புரதத்தின் துண்டுகள் நார்களாகத் திரண்டு சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலே படிகின்றன. படிந்த வடிகட்டி விறைத்துப் போகின்றது. ஆயினும் காவல் தளர்கின்றது. அல்புமின் பெருகி வெளியேறுகின்றது.

இப்படிவினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வைத்தியர் கண்ணாற் கண்டனர். வியன்னா நகரத்து ரொக்கிற்றான்ஸ்கி, காசநோய் முதலியவற்றால் நெடுநாள் வருந்தி இறந்தோரின் உறுப்புகள் மெழுகு போலவும் கொழுப்புப் போலவும் தோன்றியதை 1842 ஆம் ஆண்டில் விவரித்தார். ஜேர்மனிய அறிஞர் விர்க்கோ 1854 ஆம் ஆண்டில் அப்பொருளின்மேல் அயடீனை இட்டார். அது மாப்பொருளைப் போல நிறம் மாறியது. ஆதலின் மாப்பொருளை ஒத்தது என்னும் கருத்துப்பட அமிலொயிட் என்று பெயரிட்டார். 1859 ஆம் ஆண்டில் பிறீட்றிக்கும் கெக்குலேயும் அது மாப்பொருள் அன்று, புரதத்தின் இனத்தது என்று காட்டினர். எனினும் தவறான அப்பெயரே இன்றளவும் நிலைத்துவிட்டது.

காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில், நோயாளர் சிலர் நெஞ்சுநோயினால் அன்றிச் சிறுநீரகம் கெட்டே மாண்டனர். ஸ்றெப்ரோமைசின் 1944 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஐசோநயசிட் 1952 ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்தது. அவற்றின் பின்னர் இத்தீங்கு பெரிதும் அருகியது. ஆயினும் அற்றுப் போகவில்லை. காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் இவ்வகைச் சிறுநீரக நோய்க்குக் காசநோயே முக்கிய காரணமாய் இருந்து வந்துள்ளது. மருந்தை இடையிலே நிறுத்துபவரும், நோயை மறைத்து வைப்பவரும் இவ்வாபத்தை வலிந்து அழைப்பவராவர்.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. இத்தகைய நோயாளர் 374 பேரை நெடுங்காலம் அவதானித்த இலண்டன் வைத்தியர் தம் முடிவை 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எவரிடத்தில் அழற்சி தணிந்து அப்புரதத்தின் அளவு தாழ்ந்து நின்றதோ, அவர் நெடுநாள் வாழ்ந்தனர். சிலரிடத்தே படிவு குறையவுஞ் செய்தது. மூலத்தை அணைத்தால் கிளையிற் பற்றிய தீயும் தணியும் என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவது வழி புகையின் வழி. மூச்சுக் குழாய்கள் ஒடுங்கி, காற்றறைகள் சிதைந்து, நடந்தால் முட்டு எடுக்கும் நோய், நாட்பட்ட சுவாசத்தடை நோய் எனப்படும். சிகரெட்டு, பீடி, சுருட்டு ஆகியவற்றின் புகை அதற்குத் தலையாய காரணம். ஆனால் ஒரு நாளேனும் புகைபிடியாத தாய்மாரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். புகைபோக்கி இல்லாத குசினியிலே, ஈர விறகையும் பொச்சு மட்டையையும் அடுப்பில் இட்டு, ஊதுகுழலால் ஊதி ஊதி நாற்பது ஐம்பது ஆண்டுகள் சமைத்தவருடைய சுவாசப்பை, புகைபிடிப்போனின் சுவாசப்பையைப் போலவே கெட்டுப்போகக்கூடும்.

குருதிக் குழாய்களின் உட்புறத்தை ஒற்றைப் படையாகக் கலங்கள் போர்த்தியிருக்கின்றன. புகையின் நஞ்சும், தணியாத அழற்சியும், ஒட்சிசன் குறைவும் அப்போர்வையைச் சேதப்படுத்துகின்றன. சேதம் சுவாசப்பையோடு நில்லாது எங்கும் பரவுகின்றது. சிறுநீரக வடிகட்டியோ அப்போர்வையாலாயது. ஆதலின் அங்கே சேதம் அல்புமினின் சிறு கசிவாக வெளிப்படுகின்றது. ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், சுவாசத்தடை நோயாளரையும், புகைபிடித்தும் அந்நோய் வராதோரையும் ஒப்பிட்டனர். அல்புமின் கசிவு முன்னவரிடத்தே மிகுந்து காணப்பட்டது. குருதியில் ஒட்சிசன் குறையக் குறையக் கசிவு கூடியது. இக்கசிவு மிகச் சிறிதே. அதனால் உடல் வீங்குவதில்லை, நுரையும் தோன்றாதிருக்கலாம். எனினும் அதனை இகழ்தல் தகாது. இருதயத்தின் குழாய்களும் மூளையின் குழாய்களும் அதே போர்வையை உடையன அல்லவோ? சுவாசத்தடை நோயாளர் பலர் இருதய நோயால் இறக்கின்றனர். சிறுநீரிற் கசியும் அல்புமின் அவ்வாபத்தை முன்னறிவிக்கும் குறிகளுள் ஒன்று.

மூன்றாவது வழி இருதயத்தினூடாகச் செல்வது. ஒட்சிசன் குறைந்த சுவாசப்பையிலே குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றினூடே குருதியைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலப்பக்கம் களைத்து விடுகின்றது. அப்பொழுது குருதி பின்னே தேங்குகின்றது, கால்கள் வீங்குகின்றன, சிறுநீரகமும் அத்தேக்கத்தால் அழுத்தப்பட்டுச் சிறிது புரதத்தைக் கசியவிடுகின்றது. இங்கே வைத்தியருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை இன்னொரு வகையிலும் உதவுகின்றது. நெஞ்சு நோயாளியின் கால் வீக்கம் இருதயத் தளர்ச்சியாலும் வரலாம். முற்கூறிய அமிலொயிட் படிவாலும் வரலாம். புரதம் சிறிதாயின் ஐயம் இருதயத்தின்பாற் செல்லும். பெருந்தொகையாயின் சிறுநீரகத்தின்பாற் செல்லும். இரண்டிற்கும் சிகிச்சை வேறு வேறு.

இதுவரை கூறியதைக் கொண்டு, சிறுநீரில் புரதம் கண்டவரெல்லாம் சுவாசப்பை நோயாளர் என்றோ, இருமுபவரெல்லாம் சிறுநீரகம் கெட்டவர் என்றோ கொள்ளலாகாது. சிறுநீரிற் புரதத்துக்கு நீரிழிவும் உயர்குருதி அமுக்கமுமே பெரும்பாலும் காரணங்களாகின்றன. நெஞ்சு நோயாளியிடத்தே இவையும் கூடியிருக்கலாம். கடுங் காய்ச்சலிலும், கடும் உடலுழைப்பின் பின்னரும் சிறிது புரதம் தோன்றி மறைவதுண்டு. ஆதலின் ஒரு முறை கண்டதைக் கொண்டு முடிவு செய்யாது, சில வாரங்களின் பின் மீண்டும் சோதித்தல் முறை. நுரையும் அவ்வாறே. வேகமாய் விழும் நீரில் நுரை எழுவது இயல்பு; நெடுநேரம் அடங்காது நிற்கும் நுரையே கவனிக்கத்தக்கது.

இதன் மறுபக்கமும் அறியத்தக்கது. புரதம் இல்லை என்பதனாலேயே சிறுநீரகம் நலமாயுள்ளது என்று துணிதல் கூடாது. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலே, மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளில் 1990களிலிருந்து உழவர்களிடையே பரவலாய் அறியப்பட்ட, காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் வடிகட்டியை அன்றி அதனை அடுத்த நுண்குழாய்களையே முதலிற் கெடுக்கின்றது. ஆதலின் அந்நோயாளரின் சிறுநீரில் புரதம் சிறிதாகவே காணப்படும். சிலரிடத்தே இல்லாமலும் இருக்கும். அங்கே குருதியில் கிரியற்றினின் அளவையும் சோதிக்க வேண்டும். ஒரு சோதனை எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்னும் இரண்டையும் அறிவதே அறிவுடைமை.

சோதனை முறையோ மிக எளிது. முற்காலத்திலே கண்ணாடிக் குழாயில் சிறுநீரை எடுத்து அதன் மேற்பகுதியைச் சூடாக்குவர். கலங்கல் தோன்றினால் சில துளி அசற்றிக்கமிலம், அதாவது விநாகிரியின் புளிப்பு, சேர்ப்பர். கலங்கல் கரைந்தால் அது உப்பு. கரையாது நின்றால் அது புரதம். இன்று நிறம் மாறும் தாட்கீற்று ஒன்றை நனைத்தால் போதும். மஞ்சள் பச்சையாக மாறினால் புரதம் உண்டு. ஆயினும் சிறு கசிவை இக்கீற்றுக் காட்டாது. அதற்கு ஆய்வுகூடத்திலே அல்புமினையும் கிரியற்றினினையும் ஒப்பிட்டு அளப்பர். ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்கு உட்பட்ட அல்புமின் இயல்பு. காலையில் எழுந்தவுடன் கழிக்கும் நீரே இச்சோதனைக்கு ஏற்றது.

நோயாளர் செய்யத்தக்கவை சில. காசநோய் என்று கண்டால், ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாது உட்கொண்டு முடித்தல் வேண்டும். இலங்கையில் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. அக்காலத்தில் றிபாம்பிசின் என்னும் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகக் காணப்படும். அது குருதியுமன்று, சிறுநீரக நோயுமன்று. அஞ்சி மருந்தை நிறுத்துதல் பெரும் பிழை. புகைபிடிப்பவர் அதனை இன்றே விடல் வேண்டும். குசினிக்குப் புகைபோக்கி அமைத்தலும், விறகை உலர்த்தி எரித்தலும் வீட்டாரின் கடமை. மூட்டுவலிக்கென்று கடையிலே வாங்கி நாடோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு மேலும் தீங்கு செய்யும். புரதம் கழிகின்றது என்று கேள்வியுற்றுத் தாமாகவே உணவைக் குறைத்தலும் ஆகாது; நெஞ்சு நோயால் மெலிந்தவர் அதனால் இன்னும் மெலிவர்.

இன்னும் ஒன்று. சிறுநீரிற் புரதக் கசிவைக் குறைப்பதற்கு எனலாபிறில் போன்ற மருந்துகளை வைத்தியர் கொடுப்பதுண்டு. அவை சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். ஏற்கெனவே இருமுபவர் தம் பழைய நோயே பெருகிற்று என்று மயங்குவர். புதிய மருந்து தொடங்கியபின் இருமலின் இயல்பு மாறினால், மருந்தைத் தாமே எறிந்துவிடாது வைத்தியரிடம் கூறின், அவர் வேறு மருந்து தருவார்.

உறுப்புகளைத் தனித்தனிப் பெயரிட்டு அழைப்பது கற்பதற்கு எளிதாகும்பொருட்டே. உடலோ பிரிவினை அறியாது. ஓரிடத்து நோவை அது ஓரிடத்தே அடக்கி வைப்பதுமில்லை. நெஞ்சிலே மூண்ட நெருப்பின் சாம்பல் சிறுநீரிலே விழுகின்றது. அச்சாம்பலைக் காலத்திற் கண்டால் நெருப்பை அணைக்கலாம். காணாது விட்டால், ஒரு நோயோடு வந்தவர் இரு நோயோடு திரும்புவர்.

போத்தலைக் கையிற் பிடித்துத் திகைத்து நின்ற முதியவருக்குத் தாதி சொல்லத்தக்க விடை இதுவே: "ஐயா, உங்கள் நெஞ்சைக் கடந்து செல்லும் குருதிதான் உங்கள் சிறுநீரகத்திற்கும் செல்கின்றது. அது அங்கே ஏதும் தீங்கு செய்ததோ என்று பார்க்கின்றோம்." இதைக் கேட்ட முதியவர் மறுப்பாரல்லர். அடுத்த முறை கேளாமலே போத்தலை நீட்டவுங் கூடும்.